தார்ப்பாய்க்குக் கீழே தக்காளி: படம் எடுப்போர் கேள்வி–பதில்

கிருஷ்ணகிரியில் என் ஸ்டூடியோவுக்கு நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செல்போனில் எடுத்தவை, கல்யாண வீட்டுக்கு வாங்கிய கேமராவில் எடுத்தவை, தாத்தாவின் பழைய லென்ஸை மாட்டி எடுத்தவை என்று எல்லாமே வந்திருக்கின்றன. கேள்விகளுக்குப் போவோம்.

ராயக்கோட்டை மண்டியில் காலை ஏழு மணிக்குத் தக்காளிப் பெட்டிகளைப் படம் எடுத்தேன். நேரில் செக்கச்செவேல் என்று இருந்த பழம் படத்தில் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கேமராவில் கோளாறா சார்?
– வாசகர், ராயக்கோட்டை

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் படத்தின் மேல் மூலையைப் பாருங்கள், நீலத் தார்ப்பாயின் ஓரம் தெரிகிறது. வெயில் அந்தத் தார்ப்பாய் வழியாக இறங்கும்போது நீலத்தை மட்டும் தாராளமாக விட்டுவிட்டுச் சிவப்பைத் தடுத்துவிடுகிறது. சிவப்பு ஒளி விழுந்தால்தானே தக்காளி அதைத் திருப்பி அனுப்பும்? அது கிடைக்காதபோது பழம் கறுத்துப் போகிறது. நம் கண் சில நிமிஷத்தில் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். ‘இது தக்காளி, சிவப்பாகத்தான் இருக்கும்’ என்று மூளையும் சேர்ந்து சமாளித்துவிடும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஒயிட் பேலன்ஸ் என்ற வசதியில் ‘கஸ்டம்’ என்று ஒன்று இருக்கும். அதே தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் படம் எடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஓரளவு சரியாகும். ஆனால் இல்லாத சிவப்பை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. ரொம்ப இழுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

நான் செய்வது வேறு. மண்டிக்கார அண்ணனிடம் கேட்டு, இரண்டு பெட்டியைத் தார்ப்பாயின் விளிம்புக்கு இழுத்துவைத்துக்கொள்வேன். விளிம்பில் வெயில் நேராக விழாது, திறந்த வானத்தின் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும். காய்கறிக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நீங்கள் அனுப்பியதிலேயே ஒரு படம் அப்படி அமைந்திருக்கிறது. அழுகலைப் பொறுக்கித் தனியே போடும் அம்மா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் படம்தான். அவர் விரல் இடுக்கில் ஒட்டியிருக்கும் தக்காளி விதைகூட மின்னுகிறது. மற்ற படங்களை விட்டுவிட்டு அதைப் பெரிதாக பிரிண்ட் போடுங்கள். ஒரு பிரதியை அந்த அம்மாவிடமும் கொடுங்கள்.

எங்கள் பாட்டியை போனில் கிட்டே போய் எடுத்தேன். மூக்கு பெரிதாகவும் காது உள்ளே போனது போலவும் வந்திருக்கிறது. பாட்டிக்குக் கோபம். நல்ல போன் வாங்கினால் சரியாகுமா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது இப்படியேதான் இருக்கும். விஷயம் நீங்கள் நின்ற தூரத்தில் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 செ.மீ. என்று வையுங்கள். போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு 30-இல், காது 42-இல். அதாவது காதைவிட மூக்கு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் மூக்கு 150-இல், காது 162-இல். வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான், கண்ணுக்குத் தெரியாது.

‘அகலமாகப் பார்க்கும் வைடு லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் முகத்தை அழகாக்கும்’ என்று பலரும் சொல்வார்கள். லென்ஸுக்கு இதில் நேரடி வேலை இல்லை. வைடு லென்ஸில் முகம் படச் சட்டம் முழுக்க நிறைய வரவேண்டும் என்று நாம் கிட்டே போகிறோம், அந்தக் கிட்டத்தால்தான் மூக்கு பெரிதாகிறது. போனில் உள்ள முக்கியக் கேமரா, ஃபிலிம் கேமரா கணக்கில் 24, 26 மி.மீ. அளவுக்கு அகலமாகப் பார்ப்பது. அதனால் நம்மையறியாமல் முகத்தோடு முகம் வைக்கிறோம்.

எங்கள் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் ஸ்டூலுக்கும் கேமராவுக்கும் நடுவே ஆறடி இருக்கும். இடம் போதாத சின்னக் கடைகளில் எடுத்த படத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் காரணம் இதுதான். நீங்களும் ஐந்தாறு அடி தள்ளி நின்று போனில் ‘2x’ தொட்டு எடுங்கள். தரம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. முகம் முகமாக இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. பாட்டியை வாசல் திண்ணையில், தெருவைப் பார்த்து உட்காரவையுங்கள். கூரை நிழல் மேலே இருக்க, தெருவின் வெளிச்சம் முன்னால் இருந்து வரும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அது விழுந்துவிட்டால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். ‘சிரிங்க பாட்டி’ என்று சொல்லாதீர்கள். அவர் பக்கத்து வீட்டு ஆளோடு பேச ஆரம்பித்த பிறகு எடுங்கள்.

மாங்காய்க் கொத்து முன்னால், கோட்டை மலை பின்னால். இரண்டும் தெளிவாக வரவேண்டும் என்று 18–55 லென்ஸில் எஃப் 22 வைத்து எடுத்தேன். எல்லாமே மங்கலாக இருக்கிறது.
– மாந்தோப்பு விவசாயி, கிருஷ்ணகிரி

பெங்களூராக் காய் கொத்தாகத் தொங்க, பின்னால் பாறை மலை. இதைவிட இந்த ஊரைச் சொல்லும் படம் எது? முயற்சியை விடாதீர்கள்.

எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும். துளையை அவ்வளவு சிறிதாக்கினால் ஒளி அந்தத் துளை விளிம்பில் சிதறி எல்லாவற்றையும் மழுக்கிவிடும். உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாருக்கு எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11 போதும். 18 மி.மீ.-இல் எஃப் 8 வைத்து, சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு பொருளில் ஃபோகஸ் பிடித்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். மலைமேல் ஃபோகஸ் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அதில் ஒரு சங்கடம். 18 மி.மீ.-இல் மாங்காய் பூசணி மாதிரியும் மலை புற்று மாதிரியும் வரும். மலை கம்பீரமாக எழ வேண்டுமானால் மரத்தைவிட்டு ஏழெட்டு மீட்டர் பின்னால் போங்கள். லென்ஸை 55-க்குத் திருப்பி, எஃப் 11 வைத்து, பதினாலு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் பிடியுங்கள். ஏழு மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாம் தெளிவு. கொத்து அந்த எல்லைக்குள் வந்துவிடும், மலையும் அதன் தோளுக்குப் பின்னால் பெரிதாக நிற்கும். காற்று அடித்தால் கொத்து ஆடும், ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. வீரன் உருவமும் மேலே எழுத்தும் இருக்கின்றன. எவ்வளவு எடுத்தாலும் படத்தில் வெறும் கல்லாகத் தெரிகிறது. மாவு தடவி எடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– பள்ளி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

தயவுசெய்து செய்யாதீர்கள். மாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். எழுத்தின் பள்ளத்தில் அது தங்கும், மழையில் கரைந்து கல்லுக்குள் இறங்கும், எறும்பும் பூஞ்சையும் வரும். இன்னொரு கெடுதலும் உண்டு. மாவு தடவுகிறவர் தனக்கு எது எழுத்து என்று தோன்றுகிறதோ அதைத்தான் வெள்ளையாக்குவார். பிறகு பார்க்கிறவர் கல்லைப் படிக்க மாட்டார், தடவியவரின் ஊகத்தைத்தான் படிப்பார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கத்து நடுகற்கள் தமிழ் எழுத்து வரலாற்றுக்கே ஆதாரம். பல்லவர் காலத்து வட்டெழுத்து (தமிழை எழுதிய பழைய எழுத்துமுறை) உள்ள கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டைக் குறித்து, மாடு மீட்கப் போய் விழுந்த இன்னார் மகன் இன்னார் என்று பெயர் வெட்டிவைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கல் எந்தக் காலத்ததோ, எழுத்து தெரிந்தால் அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகவே உங்கள் படம் தெளிவாக இருப்பது ரொம்ப முக்கியம்.

இதற்கு வழி வெளிச்சத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படம் உச்சி வெயிலில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்தது. நேராக விழுகிற வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்து வரவேண்டும். அப்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் நிழலும் மறு பக்கம் மினுக்கும் விழும். கல் வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்றால் காலையிலோ சாயங்காலத்திலோ அரை மணி நேரம் அப்படி ஒரு வெயில் கிடைக்கும். கிழக்கு நோக்கிய கல் என்றால் சூரியன் ஏறி, கல்லின் முகத்தை விட்டு விலகப்போகும் நேரத்தில் மேலிருந்து உரசும். அந்த நேரத்துக்குக் காத்திருங்கள்.

காத்திருக்க முடியாவிட்டால் இருட்டிய பிறகு போங்கள். நான் அதைத்தான் விரும்புவேன். கேமராவை முக்காலியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. (சென்சார் ஒளியை உணரும் அளவு) 100, எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது பத்து நொடி. ஒரு ஆள் டார்ச்சைக் கல்லின் இடது விளிம்புக்குப் பக்கத்தில், கல் பரப்போடு ஒட்டினாற்போலப் பிடிக்கட்டும். அப்புறம் வலது பக்கம், மேல் பக்கம் என்று தனித்தனிப் படமாக எடுங்கள். படுக்கைக் கோடுகள் மேலிருந்து வரும் ஒளியில்தான் தெரியும், நிமிர்ந்த கோடுகள் பக்க ஒளியில்தான் தெரியும். ஒரே படத்தில் முழு எழுத்தும் வராது. வேறு வேறு திசை ஒளியில் எடுத்த மூன்று நாலு படங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பதுதான் முறை. முதல் தடவை டார்ச்சை அப்படிச் சாய்த்துப் பிடிக்கும்போது, வெறும் கல்லாக இருந்த இடத்தில் வில்லும் குறுவாளும் எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை 50 மி.மீ. அல்லது அதற்கு மேல். கல்லின் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்கி, நேர் எதிரே வையுங்கள். நின்றபடி குனிந்து பார்த்து எடுத்தால் கல் கீழே குறுகித் தெரியும், எழுத்தும் கோணலாகும். ஓரத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம். கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், நகர்த்தாதீர்கள். தருமபுரியில் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே போய், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்போது எந்தக் கோடு தெரிகிறது என்று பார்த்துப் பழகிவிட்டு வாருங்கள்.

எருது விடும் விழாவில் மாடு எல்லாம் கோடு கோடாக வருகிறது.
– வாசகர், வேப்பனஹள்ளி

நீங்கள் ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்கு வைத்திருக்கிறீர்கள். மாடு நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் எட்டு செ.மீ. நகர்ந்துவிடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு செ.மீ.தான். தெருவுக்குப் பக்கவாட்டில் நின்று எடுக்கும்போதுதான் இந்த அசைவு முழுதாகத் தெரியும். மாடு நேரே வரும் பக்கம் தடுப்புக்குப் பின்னால், ஒரு மாடியிலிருந்து எடுத்தால் அசைவு குறைவாகத் தெரியும், கொம்பில் கட்டிய தட்டியும் அதைப் பறிக்கப் பாயும் கைகளும் ஒன்றாகச் சேரும். ஃபோகஸை ‘தொடர்’ முறையில் வையுங்கள். தெருவில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், அந்தப் புழுதி சென்சாரில் போய் உட்கார்ந்துவிடும். தடுப்பைத் தாண்டி ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம், எந்தப் படத்துக்கும் அந்த விலை கிடையாது.

எங்கள் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து. வேஷக்காரர்களை எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. சில படத்தில் ஒரு பாதி மட்டும் மஞ்சள்.
– வாசகர், பென்னாகரம்

எல்.இ.டி. போகஸ் விளக்குகளால் வந்த வினை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 500, 1000 என்று வேகமான ஷட்டர் வைத்தால் சென்சாரின் ஒரு பட்டை வெளிச்சத்திலும் அடுத்த பட்டை மங்கலிலும் மாட்டிக்கொள்ளும். ஷட்டரை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று வையுங்கள், முழு அலையும் உள்ளே வந்துவிடும். ‘எலக்ட்ரானிக் ஷட்டர்’ அல்லது ‘சைலன்ட்’ வசதியை அணைத்துவிடுங்கள். அதில் பட்டை இன்னும் மோசமாக விழும்.

நூறில் ஒன்றுக்கு வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது படம் கலங்கும். அவர் பாட்டை நிறுத்தி, வசனத்துக்கு முன் ஒரு மூச்சு நிற்பார். கூத்து தெரிந்தவருக்கு அந்த இடம் எங்கே வரும் என்று தெரியும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து அந்த நிற்றலைப் பிடியுங்கள். கிட்டே உள்ள கண்ணில் ஃபோகஸ். ஃபிளாஷ் வேண்டாம். கிரீடத்திலும் புஜகட்டையிலும் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக வெடித்துவிடும், விடிய விடிய ஆடுகிறவரின் கண்ணும் கூசும்.

ஒகேனக்கலில் தண்ணீர் பால் மாதிரி வழியும்படி எடுக்க வேண்டும். பரிசலில் முக்காலி வைக்கலாமா?
– வாசகர், ஓசூர்

வைக்கக் கூடாது, வைத்தும் பிரயோஜனம் இல்லை. பரிசல் சுழலும், முக்காலியும் கூடவே சுழலும். பரிசலில் இருக்கும்போது 500-இல் ஒன்றுக்குக் குறையாமல் வைத்துப் பரிசல்காரரின் துடுப்பையும் பாறைச் சுவரையும் எடுங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல். பால் மாதிரித் தண்ணீருக்கு, அனுமதி உள்ள இடத்தில், காய்ந்த தரையில் முக்காலி வைத்து அரை நொடி. அதற்கு வெயில் ஏறும் முன் போகவேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். பளபளப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் ஈரப் பாறையின் பளபளப்பு அடங்கி அதன் நிறம் வெளியே வரும். சாரல் லென்ஸில் விழும், பருத்தித் துணி இரண்டு மூன்று வைத்திருங்கள். கர்நாடக அணைகளில் திறந்துவிட்டுச் செந்தண்ணீர் வரும்போது பால் வெள்ளை வராது. அந்த நிறத்தையே எடுங்கள். என் கண்ணுக்கு அதுதான் காவிரி.

அஞ்செட்டி ரோட்டில் யானை எடுக்க 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டாம். யானை சின்ன உயிர் இல்லை, 300 போதும். காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் தானே இணைத்துக்கொண்ட ஒரு கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்களை இன்றும் பார்த்துப் படிக்கிறோம். யானையோடு அது நிற்கும் மூங்கிலும் பள்ளமும் சேர்ந்து வரட்டும். வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடித்துத் திரும்பவைக்காதீர்கள். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்த காடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பது குற்றம்.

நம் பக்கத்தைப் பழைய காலத்தில் யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?
– வாசகர், சூளகிரி

எடுத்திருக்கிறார்கள். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1856 முதல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தார். ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களையும் அவர் எடுத்த படங்கள் 1858-இல் தனித் தொகுப்பாகவே வந்தன. மெழுகு ஊட்டிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அதில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும் என்பதால் சில நெகட்டிவ்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டிச் சேர்த்திருக்கிறார். ராயக்கோட்டை நண்பர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்து, கோட்டை மலையை அவர் எந்த இடத்தில் நின்று எடுத்தார் என்று கண்டுபிடித்து, அதே இடத்திலிருந்து இன்றைக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினால் இந்தப் பக்கத்தில் பெரிதாகப் போடுகிறேன்.

பழைய ஹீலியோஸ் 58 மி.மீ. ரஷ்ய லென்ஸை அடாப்டர் போட்டு நிக்கான் கேமராவில் மாட்டினேன். தூரத்துக் காட்சி தெளிவாக வரவே இல்லை.
– வாசகர், அரூர்

லென்ஸ் பழுது இல்லை. அந்தத் திருகு லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்காரும்படி செய்தது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் (லென்ஸுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி உள்ள கேமரா) அந்த இடைவெளி 46.5 மி.மீ. அடாப்டரின் தடிமனும் கூடச் சேர்கிறது. தூரம் கூடிவிட்டால் கிட்டத்துப் பொருளில் மட்டும்தான் ஃபோகஸ் நிற்கும். நடுவில் ஒரு சிறு லென்ஸ் வைத்த அடாப்டர் போட்டால் தூரம் தெளியும், ஆனால் படத்தின் தரம் குறையும். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் 44 மி.மீ.தான், அதில் கச்சிதமாகப் பொருந்தும். அந்தக் கண்ணாடி இல்லாத சோனி மிரர்லெஸ்ஸில் 18 மி.மீ., அதிலும் தாராளமாகப் பொருந்தும். கேமராவை மாற்ற முடியாவிட்டால் அந்த லென்ஸைப் பூவுக்கும் முகத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2-இல் பின்னால் உள்ள புளிய இலை எல்லாம் சுழன்று தெரியும், அது இந்த லென்ஸுக்கே உரிய குணம்.

அடுத்த மாதத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று என்னால் பார்க்க முடியாது. எந்த லென்ஸ், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்ற மூன்றையும் கூடவே எழுதுங்கள்.